கிளைவும் அஞ்சு தோட்டா துப்பாக்கியும்

இந்த வருஷம் நரிக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூடக் கிடையாதுன்னு கிளைவ் முடிவு பண்ணிட்டான். முடிவை நரிக்குச் சொல்லல. பொண்டாட்டி லினெட்கிட்டதான் சொன்னான்.

ஹேங்கிற ஊருக்கு மேற்கே, கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டையா கிடக்கிற ஆட்டுப்பண்ணை அவங்களோடது. அங்க ஜூலைதான் குளிர்காலம், அப்பத்தான் ஆடு குட்டி போடும். போட்ட வேகத்துல நரி வந்து நிக்கும். போன வருஷம் மட்டும் நாப்பது குட்டி போச்சு.

"நம்ம ரெட்டைக்குழல் துப்பாக்கியில ரெண்டு தோட்டாதான் லினெட். நரி எண்ணுது! ரெண்டு சத்தம் கேட்டதும், 'முடிஞ்சுதா மாமா?'ங்கிற மாதிரி திரும்பிப் பாக்குது."

"ரெண்டுல ஒன்னாவது பட்டா அது ஏன் திரும்பிப் பாக்கப் போகுது?"

"அதுக்குத்தான் லீவர் துப்பாக்கி வேணுங்கிறேன். அஞ்சு தோட்டா! தோள்லேர்ந்து எடுக்கவே வேணாம். லீவரைக் கீழ தள்ளு, காலித் தோட்டா தெறிக்கும். மேல இழு, அடுத்தது ரெடி. இடது கைக்காரங்களுக்கும் ஒத்து வரும். அந்த 'சடக் சடக்' சத்தம் இருக்கே..."

"சத்தத்துக்கா துப்பாக்கி வாங்குவாங்க? சமையலறைக் கதவைத் திறந்து மூடு. அதே சத்தம்தான்."

கிளைவ் அசரல. மனசுக்குள்ள ஒரு திட்டம் போட்டான். சொன்னா நம்பமாட்டா. காட்டினா மயங்கிடுவா.

ஞாயித்துக்கிழமை துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனான். பக்கத்துப் பண்ணை நெவில் தன்னோட லீவர் துப்பாக்கியை எடுத்துட்டு வந்திருந்தான். களிமண் வில்லையை வானத்துல வீசுவாங்க, சுடணும்.

"நல்லாப் பாரு லினெட்"னு கிளைவ் மார்பை நிமித்தினான். முதல் வில்லை பறந்துச்சு. டுமீல்! வில்லை பத்திரமா தரை எறங்குச்சு. லீவரைத் தள்ளினான். எப்படி? ராத்திரி கேக் திருட ஃப்ரிட்ஜைத் திறப்பானே, அப்படி மெதுவா. பாதி தூரம் போச்சு, தோட்டா குறுக்க மாட்டிக்கிச்சு.

"முழுசாத் தள்ளணும்டா! துப்பாக்கிகிட்ட என்ன கூச்சம்?"ன்னு நெவில் மாட்டின தோட்டாவை எடுத்துவிட்டுச் சிரிச்சான்.

"புதுசு இல்லையா, இறுக்கமா இருக்கு."

"எட்டு வருஷத் துப்பாக்கிடா அது."

"கொண்டா இப்படி"ன்னா லினெட். பாம்பு வந்தா அடிக்கன்னு அவளும் எப்பவோ லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்தா. நெவில் தோட்டா நிரப்பிக் குடுக்க, இடது தோள்ல துப்பாக்கியைச் சாச்சா. வருஷா வருஷம் கம்பளி மூட்டை கட்டுற கை அது. வில்லை ஒன்னுக்குப் பின்னால ஒன்னாப் பறந்துச்சு. டுமீல், சடக் சடக். டுமீல், சடக் சடக். அஞ்சும் தூள்.

கிளப்பே ரொட்டிக்குள்ள வெச்ச சாஸேஜைக் கீழ போட்டுட்டுக் கை தட்டிச்சு.

லினெட் துப்பாக்கியைத் தடவிப் பாத்தா. அப்புறம், "நீ சொன்னது சரிதான் கிளைவ். வாங்கிடுவோம்"னா.

கிளைவுக்குக் கால் தரையில இல்ல. இருபத்தாறு வருஷத்துல "நீ சொன்னது சரி"ன்னு அவ சொன்னது இதுதான் ரெண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்துக்குச் சம்மதிச்சப்போ.

ஒரே ஒரு சங்கடம். துப்பாக்கி வாங்க போலீஸ் பர்மிட் வேணும். ஃபாரம்னா கிளைவுக்குக் கொட்டாவி வந்துடும். வண்டிப் பதிவோ ஆட்டுக் காதுல மாட்டுற அடையாள நம்பரோ, அந்த வீட்டுல எல்லா ஃபாரமும் லினெட்தான் எழுதுவா.

"நீயே எழுதி அனுப்பிடு கண்ணு."

"நிச்சயமா?"

"உன்னை விட்டா யாரு?"

பர்மிட் வந்துச்சு. கடையில துப்பாக்கியை வாங்கக் கிளைவ் கையை நீட்டினான். கடைக்காரர் காகிதத்தைப் பாத்தாரு. அவனைச் சுத்தி வந்து லினெட் கையில குடுத்தாரு.

"அது... என் துப்பாக்கிங்க."

"பர்மிட்ல அம்மா பேருதானே இருக்கு."

கிளைவ் திரும்பினான். "லினெட்?"

"நீதானே சொன்னே, உன்னை விட்டா யாருன்னு? யோசிச்சுப் பாத்தேன். யாரும் இல்ல."

குட்டி போடுற மாசம் வந்துச்சு. விடியக்காலையில லினெட் துப்பாக்கியோட கிளம்பினா. கிளைவ் அடுப்படியில தாயில்லாக் குட்டிங்களுக்குப் பால் புட்டி பிடிச்சான். ஆனா ஒன்னு சொல்லணும். மாசம் முடிஞ்சப்போ போனது மூணே மூணு குட்டி. மேய்ச்சக்காடு முழுக்க வெள்ளை வெள்ளையாத் துள்ளுச்சு. அதை அவனே ரெண்டு தடவை எண்ணிப் பாத்தான். துப்பாக்கியைப் பத்தித் தான் சொன்னது ஒவ்வொன்னும் நிஜமாயிடுச்சே!

அன்னைக்கு ஃபோன் அடிச்சுது. நெவில்தான்.

"கிளைவ், என் பண்ணையில நரித் தொல்லை தாங்கல. கொஞ்சம் உதவி வேணும்டா."

கிளைவ் மார்பை நிமித்தினான். "இதோ, இப்பவே வர்றேன்!"

"வா வா, லினெட்டைக் கூட்டிட்டு நீயும் வா. அவ சுட்ட நரியைத் தூக்கிப் போட ஒரு ஆள் வேணுமில்ல?"