பதினோரு லிட்டர் சாம்பியன்கள்

நீரின்றி மனித வாழ்வு இல்லை என்பதை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவித்தவர்கள் போன பிப்ரவரியில் வந்த அதிகாரிகள்தான். அதற்கு முன்பு எங்களுக்கு அது அனுபவத்தில் மட்டுமே தெரிந்திருந்தது. அனுபவத்துக்கு ஆபீசில் மதிப்பில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் என்றால், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு லைன். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்கென்று கட்டிய வரிசை வீடுகள். பன்னிரண்டு வீடு, நாற்பத்து மூன்று பேர், ஒரே குழாய். ஒன்பது நாளைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் தண்ணீர் வரும். என்று வரும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கு வராது.

வந்த நோட்டீசின் தலைப்பு 'துளி காப்போம் சமூகச் சவால்'. எந்தக் குடியிருப்பு தன் தண்ணீர்ப் பயன்பாட்டை அதிக சதவீதம் குறைக்கிறதோ, அதற்கு ஓராண்டு காலத்துக்குத் தினமும் ஒரு டேங்கர் தண்ணீர் பரிசு. தண்ணீரே வேண்டாம் என்று நிரூபிப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கும் இந்த யோசனை எந்த மூளையில் உதித்ததோ, அந்த மூளை நீடூழி வாழட்டும்.

நோட்டீசைப் பார்த்ததும் முதலில் எழுந்து நின்றது பியாட்ரிஸ் அக்கா. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற எங்களுக்கெல்லாம் டப்பாவில் இட்லி கட்டிக் கொடுப்பவர் அவர். அரிசி ஊறவைக்க, ஆட்ட, அவிக்க, பாத்திரம் கழுவ எல்லாம் தண்ணீர் வேண்டும். ஒன்பது நாளில் நான்கு நாள்தான் இட்லி, மீதி ஐந்து நாள் மன்னிப்பு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபிறகு, மகள் ஷைலாவின் நர்சிங் படிப்பு அந்த நான்கு நாள் இட்லியில்தான் நடக்கிறது.

"டெய்லி டேங்கர் வந்தா டெய்லி இட்லி. இந்தப் பரிசு நம்மளுக்கு வந்தே ஆவணும் சௌந்தரு" என்றார் என்னிடம். ஆபீஸ் தமிழில் கடிதம் எழுத லைனில் என்னை விட்டால் ஆளில்லை என்பதால் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் திட்ட ஒருங்கிணைப்பாளர் பிரதாப் பெங்களூரிலிருந்து வந்தார். கையில் டேப்லெட், கழுத்தில் துளி வடிவத்தில் ஒரு அடையாள அட்டை.

"இங்க ஒரு ஆளுக்கு டெய்லி எத்தன லிட்டர்?"

"பதினொண்ணு சார்" என்றார் பர்னபாஸ் அண்ணன், லைனில் மூத்தவர்.

பிரதாப் தட்டினார். மறுபடி தட்டினார். "எழுபதுக்குக் கீழ சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது."

"எங்க உடம்பு எடுத்துக்குதே சார்?"

"அப்படி இல்ல. நீங்க ஆல்ரெடி மினிமம். அதுல இருந்து இன்னா குறைப்பீங்க? சேமிக்கணும்னா மொதல்ல செலவு பண்ணி இருக்கணும் இல்லையா?"

"செலவு பண்ண தண்ணி எங்க கீது?" என்றார் பியாட்ரிஸ் அக்கா.

"அதுக்குத்தான் விதியில வழி இருக்குது. முப்பது நாள், டெய்லி ஒரு டேங்கர் அனுப்புவோம். நல்லா யூஸ் பண்ணுங்க. முப்பத்தொண்ணாவது நாள்ல இருந்து குறைங்க."

பர்னபாஸ் அண்ணன் காதைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப தண்ணிய மிச்சம் பிடிக்க மொதல்ல வீணாக்கணும்?"

"சே, வீணாக்கறதுன்னு சொல்லாதீங்க. ஆதாரப் பயன்பாடு."

ஆதாரப் பயன்பாடு மறுநாளே தொடங்கியது. பர்னபாஸ் அண்ணன் சுரங்கத்துக்குள் பம்ப் ஓட்டியவர். இருபத்தாறு வருஷம் பூமிக்குள்ளிருந்து தண்ணீரை மேலே தள்ளிவிட்டு, அவர் மேலே வந்தபோது ஒரு குடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கோபமெல்லாம் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. சுவரில் சாக்பீசால் ஷிப்ட் போட்டுவிட்டார். முதல் ஷிப்ட் சுவர் கழுவல், இரண்டாவது ஷிப்ட் தெரு கழுவல், ஜெனரல் ஷிப்ட் வாகனங்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு டார்கெட்டைக் கொடுத்துப் பாருங்கள், அது எதற்கு என்று கேட்கவே மாட்டார்கள், தாண்டிவிட்டுத்தான் உட்காருவார்கள். தாமோதரனின் ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு நாலு முறை குளித்தது. சரோஜம்மாவின் ஆடு இரண்டு முறை குளித்து, மூன்றாம் நாள் தும்மியது.

"அண்ணா, கொஞ்சம் டிரம்ல பிடிச்சி வெச்சிக்கலாமே?" என்று பியாட்ரிஸ் அக்கா ஒருமுறை கேட்டார்.

"டிரம்ல இருந்தா அது ஸ்டாக்கும்மா. ஸ்டாக்கு கணக்குல ஏறாது. ஊத்து!"

நானும் ஊற்றினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. அந்த முப்பது நாளும் தினம் இட்லி. அக்கா பாட்டுப் பாடிக்கொண்டு மாவு ஆட்டியதை நான் அந்த மாதம்தான் கேட்டேன்.

தலைக்கு நூற்று நாற்பது லிட்டர் என்று பதிவானது. பிறகு டேங்கர் நின்றது. நாங்கள் ஒரு முயற்சியும் எடுக்கவில்லை. பழையபடி வாழ்ந்தோம். மாத முடிவில் பயன்பாடு தொண்ணூற்றிரண்டு சதவீதம் குறைந்ததாக அறிவித்தார்கள். முதலிடம். கடைசி இடம் அதிகாரிகள் குடியிருப்புக்கு. அவர்கள் சிக்கனம் பற்றிய விழிப்புணர்வுக்காகத் துளி வடிவத்தில் ஒரு நீரூற்று வைத்திருந்தார்கள். அதனால் அங்கே பயன்பாடு பதினெட்டு சதவீதம் ஏறிவிட்டது.

விழாவில் ஆளுயரக் கேடயம், பொன்னாடை, கைதட்டல். பியாட்ரிஸ் அக்கா மேடையிலேயே கேட்டுவிட்டார். "டேங்கர் எப்ப சார் வரும்?"

"அது தேவை அடிப்படையில மேடம்" என்றார் பிரதாப். "பதினோரு லிட்டர் போதும்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க. யாருக்குத் தேவை அதிகம்னு பார்த்தா, கடைசி இடம் வந்தவங்களுக்கு. விதி பதினாலு."

"ஆபீசருங்களுக்கா?"

"உங்களுக்குக் குடுத்தா உங்க சாதனை கெட்டுடும் மேடம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அங்கேயே நாங்கள் கேடயத்தைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. கேடயம் பளபளவென்று இருந்தது. மாரிகுப்பத்திலிருந்தும் மைசூர் மைன்சிலிருந்தும் ஆட்கள் வந்து அதனோடு செல்ஃபி எடுத்தார்கள். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டவர்களிடம் பர்னபாஸ் அண்ணன் "மனக் கட்டுப்பாடு" என்று சொல்லத் தொடங்கினார். நான் அதை ஆமோதித்தேன்.

பிறகு மாநில அளவுச் சுற்று அறிவித்தார்கள். தகுதி, தலைக்குப் பத்து லிட்டருக்குக் கீழ். லைனில் ஒரு கமிட்டி அமைத்தோம். எங்கே குறைக்கலாம் என்று வீடு வீடாக அளந்தோம். பியாட்ரிஸ் அக்காவின் இட்லிக்கு மட்டும் நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்தேழு லிட்டர். அதை எடுத்துவிட்டால் தலைக்கு ஒன்பது புள்ளி ஒன்பது.

'தாங்கள் மேற்கொண்டு வரும் மாவரைப்புப் பணி லைனின் நன்மதிப்புக்கு ஊறு விளைவிப்பதால்' என்று தொடங்கும் நோட்டீசை எழுதியது நான்தான். நன்றாக வந்திருந்தது. கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா இரண்டு முறை படித்தார். "நேத்து எத்தன இட்லி தின்ன சௌந்தரு?"

"ஆறுக்கா."

"அதுல எத்தன லிட்டரு?"

"இது மாநில அளவு, அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் நோட்டீசை மடித்து கிரைண்டருக்கு அடியில், ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கிரைண்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதிகாரிகள் குடியிருப்பில் காலியாகக் கிடந்த வாட்ச்மேன் அறையைப் பிரதாப்பே வாங்கிக் கொடுத்திருந்தார். அவருக்கும் இட்லி பிடிக்குமாம். அங்கே தினம் டேங்கர், தினம் இட்லி. ஷைலாவின் படிப்புக்கு இனி பயமில்லை.

எங்கள் லைனே காலையில் ஒரு மைல் நடந்து போய் அந்த கேட்டில் வரிசையில் நிற்கிறது. நேற்று நான் பசி தாங்காமல் அங்கேயே டப்பாவைத் திறந்து ஒரு இட்லியை விழுங்கினேன். விக்கல் எடுத்துவிட்டது. பியாட்ரிஸ் அக்கா பழையதை மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஒரு சொம்பு தண்ணீரை என் கையில் வைத்தார்.

"குடிப்பா. இங்க யாரு கேக்கப் போறாங்க?"

சொம்பை வாய்வரை கொண்டுபோனேன். ஒன்பது புள்ளி ஒன்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தார் பர்னபாஸ் அண்ணன்.

"வேணாம்க்கா" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அண்ணன் மெச்சும்படி தலையசைத்தார். அவருக்கும் விக்கிக்கொண்டுதான் இருந்தது.