கடதாசி ஆட்டுப்பால்

பாலர் வகுப்புப் பிள்ளைகள் கடதாசியில் ஆடு செய்வதால் நாட்டுக்கு ஒரு கேடும் வராது என்றுதான் றம்ஸியா ரீச்சர் நம்பியிருந்தாள். பழைய பேப்பரை மடித்து, வயிற்றுப் பக்கம் வெட்டினால் நாலு கால். காது ஒட்டினால் ஆடு. ஒட்டாவிட்டால் உட்காரும் கதிரை.

அன்றைக்கென்று கல்வி அதிகாரி தவராசா வந்து இறங்கினார். றம்ஸியா தற்காலிக ரீச்சர். இவர் தலையாட்டினால் வேலை நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் நாளையிலிருந்து வீட்டுக் குசினியில் சமையல்தான்.

"இது என்ன பிள்ளை?"

"ஆடு சேர்."

"மாணவர் கையால் ஆக்கப்படும் யாதொரு பொருளும் தேசிய உற்பத்திக்குப் பங்களித்தல் வேண்டும். புதுத் திட்டம். தெரியுமோ?"

"ஓம் சேர்."

"அப்ப இது பால் தருமோ?"

பெரியவர்களை மறுத்துக் கதைக்கக் கூடாதென்று கன்னியாஸ்திரிகளின் கொன்வென்றில் படித்து வளர்ந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டாள். "ஓம் சேர்."

"எவ்வளவு?"

முன்வாங்கில் இருந்த பூரணி எழும்பினாள். "என்ர ஆடு ஒரு போத்தல் தரும் சேர். பக்கத்தில இருக்கிற இவள்ர கிடாய்."

அதிகாரி கிடாயை மட்டும் கழித்துவிட்டு எழுதினார். பொய்க்கணக்கு அவருக்குப் பிடிக்காது.

மேலதிகாரி அதை மாவட்டத்துப் பாலர் வகுப்புகளால் பெருக்கினார். இவ்வளவு பால் ஓடும் மாவட்டத்துக்குப் பால்மா எதற்கு என்று கொழும்பு அரசாங்கம் பால்மா லொறியை நிறுத்தியது. றம்ஸியாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவளுடைய கைக்குழந்தைக்குப் பால்மா இல்லாமற் போயிற்று.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவராசா இருக்கும் கல்விக் கந்தோருக்கு ஓடினாள்.

"சேர், அது கடதாசி ஆடு."

"மெல்லக் கதையும் பிள்ளை. எனக்கும் கண் இருக்கு. இப்ப ஆடு இல்லையெண்டு எழுதினா, இவ்வளவு நாளும் கறந்த பால் எங்கயெண்டு கேப்பினம். நீர் குடுப்பீரோ?"

அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

திரும்பி வந்தால், பள்ளிக்கூட வாசலில் போத்தலும் கையுமாக ஒரு கியூ. மூதூரிலிருந்து கடல் தாண்டி லோஞ்சில் வந்த சனமும் நின்றது. கடைசியில் பக்கத்து வீட்டு ஆமினா உம்மா.

"உம்மா, அது கடதாசி ஆடெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் மகள். என்ர பேத்தியும் ஒண்டு வெட்டினவள். ஆனா இவ்வளவு சனமும் சும்மா நிக்குமா?"

றம்ஸியா யோசித்தாள். நியாயமாகத்தான் இருந்தது. குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, உம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

சற்று நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போத்தல்கள் உரசும் சத்தம். தவராசா சேர்.

"நெருங்கி நில்லும் பிள்ளை," என்றார் அவர். "இடையில ஆரும் பூந்திடுவினம்."