ஆயில்கேன் அண்ணாச்சி பிரித்துப்போட்ட வாஷிங் மெஷின்

சங்கரன்கோவிலில் சுழல்கிற எதுவும் ஆயில்கேன் அண்ணாச்சியைக் கேட்காமல் சுழன்றதில்லை. மின்விசிறி, கரும்புச்சாறு மெஷின், சலூன் நாற்காலி, பேருந்து நிலையத்துப் பழவண்டியின் சக்கரம் எல்லாம் அவர் கையால் சொட்டு வாங்கியவை. பூமி இன்றுவரை கிறீச்சிடாமல் சுற்றுகிறதென்றால், யாரும் பார்க்காத நேரத்தில் அதன் அச்சிலும் அவர் இரண்டு சொட்டு விட்டிருக்க வேண்டும் என்பது எங்கள் தெருவின் முடிவான கருத்து.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், தெருவில் இல்லை. விசைத்தறிகளைப் பழுதுபார்ப்பவர். தறிகளின் இரைச்சலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கழுத்து நீண்ட ஓர் எண்ணெய்க் கேனை வாங்கிவந்தவர். அந்தக் கேன் சட்டைப்பையிலிருந்து கொக்குபோல எட்டிப் பார்க்கும். பேச்சில் கமா வரவேண்டிய இடத்திலெல்லாம் அதன் அடியை அமுக்குவார். 'டிக்' என்று ஒரு சொட்டு எங்காவது விழும்.

ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலி ஆடுவதைப் பார்த்திருக்கிறார். பார்த்தால் கை சும்மா இருக்காதே. குனிந்து, நான்கு மூட்டிலும் எண்ணெய் விட்டார். நாற்காலி நன்றியோடு, தான் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது. மடங்கியது. தாய்மாமன் உள்ளே இருந்தார்.

"பாத்தியளா, இப்ப ஆட்டம் நின்னுட்டுல்லா?" என்றார் அண்ணாச்சி.

தாய்மாமனின் ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்தச் சத்தம் அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை.

எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் தறிக்கூடம். சத்தத்துக்குள் பிறந்து, சத்தத்துக்குள் தூங்கி, சத்தத்துக்குள் கத்திக் காதலித்துக் கல்யாணம் முடித்தவர்கள் நாங்கள். அதனால் எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் பேரிங் தேய்ந்து, அது மாதக்கணக்காகக் கதறிக்கொண்டிருந்த விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்காகத் தறிகள் நின்றன. தெருவில் ஒரு பெரிய போர்வையை உருவியதுபோல அமைதி. உறவுக்காரர்கள் வரப்போகிறார்களே என்று என் மனைவி செண்பகம் நல்ல துணிகளை அள்ளி மெஷினில் போட்டாள். பிழிகிற கட்டம் வந்ததும், ஒரு விமானம் எங்கள் புறவாசலில் இறங்க இடம் தேடியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சாப்பிட்ட கையோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

எல்லாரும் ஓடுவதைப் பார்த்து அண்ணாச்சியும் வந்தார். காது கேட்காதவருக்கு நாடிதான் காது. நாடியை, அதாவது மோவாயை, மெஷின்மேல் வைத்துக் கண்ணை மூடினார். மெஷின் குதிக்க, அவரும் குதித்தார்.

"பே... பே... பேரி... ரி... ரிங்கு!"

செண்பகம் என் காதருகே வந்து சொன்னாள்: "கம்பெனிக்காரங்களுக்குப் போன் போடுங்க. இவரு தொட்டா நம்ம மெஷினு தறியாயிரும்."

சொல்லி முடிப்பதற்குள் பின்மூடி கழன்றிருந்தது. பெல்ட் போனது. சக்கரம் போனது. அசையாமல் இருப்பதற்காக உள்ளே வைத்திருந்த சிமெண்ட் பாளத்தைப் பார்த்து, "துணி தொவைக்க அம்மிக்கல்லு எதுக்குவே?" என்று கேட்டுத் தூக்கி வாசலில் வைத்தார். கடைசியில் டிரம் வெளியே வந்தது. அதன் முதுகில், அச்சைத் தாங்கும் இரண்டு பேரிங்குகள். தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் சீல் கிழிந்து, பேரிங்கிலிருந்து துருத்தண்ணீர் கஷாயம்போல வழிந்தது. சுத்தியலால் தட்டித் தட்டி வெளியே எடுத்து என் காதருகே குலுக்கினார்.

"பேரிங்கா வே இது? கடுகு டப்பா!"

புதிது வாங்கலாமென்றால் தபசுக்கு எல்லாக் கடையும் அடைப்பு. அண்ணாச்சி ஒரு நொடி யோசித்தார். "இரும், வீட்ல இருக்கு" என்று போனவர், மதியச் சாப்பாட்டுக்குள் பேரிங்கையும் ரப்பர் சீலையும் வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கிரீஸ் மினுங்கும் அழகான பேரிங். உதிரி வைத்திருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பொருத்தியதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் டிரில்லிங் மெஷினை எடுத்தார்.

"அண்ணாச்சி, இது எதுக்கு?"

"எண்ணெ விட ஓட்ட வேண்டாமா? தறிக்குத் தெனம் விடுதோம்லா. காலம்பற ரெண்டு சொட்டு விட்டியன்னா ஆயுசுக்கும் ஓடும்."

"தண்ணி ஓடுற இடத்துல எண்ணெ சேருமா அண்ணாச்சி?" என்று செண்பகம் கத்தினாள்.

"ஏன் சேராது? அப்ப சாம்பாரு?"

துளை போட்டார். அது ரப்பர் சீலையும் தாண்டித் துணி சுழலும் பக்கம் எட்டிப் பார்த்தது. தாராளமாக எண்ணெய் விட்டு, அந்த அம்மிக்கல் உட்பட எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, துணிகளைப் போட்டு ஓடவிட்டார். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. தெரு கைதட்டியது. கதவைத் திறந்தபோது என் வெள்ளை வேட்டி முழுவதும் கறுப்புப் பூக்கள். செண்பகத்தின் புதுச்சேலையில் முந்தானைக்குப் பொருத்தமாக ஒரு கறுப்புக் கரை. மொத்தத் துணியும் தறிக்கூடம்போல மணத்தது.

செண்பகம் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இன்னொரு வாய் திறந்தது. கையில் துணிப்பையோடு கோமதி மதினி. அண்ணாச்சியின் மனைவி.

"எம் மெஷினு கொடல உருவிப் போட்டுட்டு வந்து இங்கன உசுரு குடுக்காராம்ல!"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி மெஷின். ஒரே கடையில் வாங்கியது.

"போன தீவாளிக்கு என் மிக்ஸி மோட்டாரு எந்த வீட்டுக்குப் போச்சு? கிரைண்டர் பெல்ட்டு இப்ப எவ வீட்ல மாவாட்டுது? தெருவுல எல்லாம் ஓடுது, எங்க வீட்ல மட்டும் எல்லாம் வாயப் பொளந்து கெடக்கு." மதினி புருஷனின் முகத்துக்கு நேராக வந்து, அவருக்குக் கேட்கும்படி சொன்னார்: "நான் எந்தம்பி வீட்டுக்குப் போறேன். அந்த மெஷினு சத்தமில்லாம ஓடுனாத்தான் திரும்ப வருவேன். ஓடுதுன்னு பொய் சொல்லிக் கூப்பிட்டியன்னா, பெறவு என்னைக்கும் வரமாட்டேன்."

ஊரெல்லாம் தபசுக்கு உள்ளே வந்துகொண்டிருந்த நேரம். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்த பஸ்ஸில் படிக்கட்டில்கூட இடமில்லை. மதினி மட்டும் காலிப் பஸ் ஒன்றில், ஜன்னலோரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, வாசுதேவநல்லூருக்குப் போனார்.

கடைகள் திறக்கும்வரை அண்ணாச்சி பிரித்துப்போட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுபோனேன். கேன் ஜன்னல் திண்டில் கிடந்தது.

"வீட்டுக்குள்ள அசைவே இல்லவே. எதுவும் ஆடல, எதுவும் உருளல. எங்கன கொண்டுபோய் எண்ணெ விட?" என்றார்.

பிறகு என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ராஜபாளையம் வந்தார். கடைக்காரர் புதுப் பேரிங்கையும் சீலையும் எடுத்துவைத்து, "மூடுன பேரிங் அண்ணாச்சி. எண்ணெயே விட வேண்டாம்" என்று சொன்னதை நான் கத்தி மொழிபெயர்த்தேன். தாய்ப்பாலே வேண்டாத குழந்தை பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டதுபோல அண்ணாச்சி அதைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"பச்சப்புள்ள வே. எண்ணெ இல்லாம எப்பிடி வளரும்?"

பொருத்துகிற அன்று கேன் என் வசம் இருந்தது. நடுவில் ஒருமுறை கை நீட்டினார்.

"ஒரே ஒரு சொட்டு."

"மதினி!" என்று கத்தினேன். கை உள்ளே போய்விட்டது.

மெஷின் ஓடியது. நாடியை வைத்துப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. "ஓடுதா வே? ஒண்ணுமே தெரியலியே." ஓடுகிறது என்று கண்ணாடிக் கதவைக் காட்டினேன். உள்ளே சட்டைகள் ஆனந்தமாக உருண்டுகொண்டிருந்தன. உடனே மதினிக்குப் போன் போட்டு, போனை மெஷினோடு ஒட்டிவைத்தேன்.

"என்ன தம்பி கேக்கச் சொல்லுதிய?" என்று மதினியின் குரல் வந்தது. "தறிச் சத்தம்தான் வருது. அவருகூடச் சேந்து நீங்களும் பொய் சொல்லுதியளாக்கும்?" போனை வைத்துவிட்டார்.

திருவிழா முடிந்து தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. அண்ணாச்சிக்கு அது தெரியவில்லை. எங்களுக்குப் பழகிப்போனதால் உறைக்கவில்லை. விஷயத்தைக் கத்திச் சொன்னதும் அவர் எழுந்து தெருவைக் கடந்து எதிர்க்கூடத்தின் வாசலில் நின்று, வலதுகையை உயரத் தூக்கினார். இரைச்சலில் பேச முடியாதவர்கள் தறியை நிறுத்தச் சொல்லும் சைகை அது. உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தவர் பதறிப்போய் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, யாருக்கும் அடிபட்டுட்டா?"

"இல்லவே. உங்க மதினிக்கு ஒண்ணும் கேக்காம இருக்கணும்."

அவருக்கு என்ன புரிந்ததோ, அடுத்த கூடத்தைப் பார்த்து அவரும் கையைத் தூக்கினார். அங்கிருந்து அடுத்தது. கை கையாகத் தெருக்கோடிவரை போனது. ஒவ்வொரு கூடமாக அடங்கி அடங்கி, கடைசித் தறியும் நின்றபோது, எங்கேயோ ஒரு மைனா பேசுவது கேட்டது. வேலைநாளில் எங்கள் தெருவில் மைனாக் குரலை நான் கேட்டதே இல்லை. கூடத்துக்காரர்களும் தெருக்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

மறுபடி போன் போட்டேன். போனை மெஷின்மேல் வைத்தேன்.

"அலோ? அலோ? என்ன தம்பி, லைன் போயிட்டா? ஒண்ணுமே கேக்கல."

"லைன் இருக்கு மதினி. அதுதான் மெஷினு. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப தறி?"

"நிறுத்தியிருக்காவ. தெரு பூரா. நீங்க கேக்கணும்னு."

இந்தப் பக்கம் மெஷின், எதுவும் சொல்லாமல், சுழன்று சுழன்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் மதினி தணிந்த குரலில் கேட்டார்.

"அவரு சாப்ட்டாராமா?"

நான் போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்து, அந்த மௌனத்தில் தெருவே கேட்கும்படி கத்தினேன்: "அண்ணாச்சி! மதினி, சாப்ட்டியளான்னு கேக்காவ!"

"என்ன கேக்கா?" என்றார் அண்ணாச்சி.

"சாப்ட்டியளான்னு!"

"என்னது?"

"சாப்ட்டியளா! சாப்ட்டியளான்னு கேக்காவ!"

"ஆரு கேக்கா?" என்று அவர் கையைக் காதில் குவித்து, முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் சாய்ந்தபோதுதான், முதல் தடவையே அவருக்குக் கேட்டுவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதற்கென்ன, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை கத்தினேன்.