கோட்டை அழித்த டெல்மர்

இந்த ஜூனில் தலையே போனாலும் கொழுந்தியாள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று டெல்மர் சபதம் எடுத்தார்.

கொழுந்தியாள் வெர்னா நல்லவள்தான். அவள் புருஷன்தான் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வாசிப்பான். விருந்தாளி இருக்கும் ஒரு வாரமும் வாசிப்பான். போன வருடம் அங்கே கேட்ட பாட்டு டெல்மரின் காதுக்குள் கிறிஸ்துமஸ் வரை குடியிருந்தது.

"நான் எப்படி வர முடியும் ஓப்பல்? மோஹாவி பாலைவனத்துத் தரை அணிலைப் போட்டோ எடுக்கணுமே! ஜூலை முடிஞ்சா வளைக்குள்ள போய்ப் படுத்துடும். அப்புறம் பிப்ரவரியிலதான் எந்திரிக்கும்."

"இந்த வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு," என்றாள் மனைவி. "சாப்பாட்டுக்கு மட்டும் எந்திரிச்சிடும்."

"கிண்டல் பண்ணாத. அது அபூர்வமான அணில்!"

"சரிங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த அபூர்வத்தைப் படம் பிடிச்சுக் காட்டுங்க, நான் மட்டும் போறேன். இல்லேன்னா நீங்களும் வண்டியில ஏறணும்."

டெல்மர் வீட்டுக்குப் பின்னால் தன் பழைய டிரக் பக்கத்தில் வேர்க்கடலையைத் தூவிவிட்டு, கேமராவோடு உட்கார்ந்தார். பாலைவனத்து வெயிலில் மூக்கு வெந்து தோலுரிந்தது. வந்ததெல்லாம் சாதா அணில்கள். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் அவற்றின் மேல்தான் விழ வேண்டும். விலாவுக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. அபூர்வ அணிலுக்குக் கோடு கிடையாது, உடம்பு பூராவும் மண் நிறம்.

வியாழக்கிழமை டெல்மருக்கு ஞானம் பிறந்தது. தனக்கும் நிம்மதிக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கோடு! சாதா அணில் ஒன்றைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் போட்டார். கோட்டின் மேல் மண் நிறத்தைப் பூசினார். சாதா அணில் அபூர்வமாகிவிட்டது.

மறுநாள் காலை ஓப்பல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"அடேங்கப்பா! எங்க எடுத்தீங்க?"

"நம்ம பின்பக்கந்தான். பட்டறை கட்டக் குச்சி நட்டிருக்கேனே, அங்கேயே!"

ஓப்பல் உடனே போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"மண்ணு தோண்ட வர்ற ஆளுக்கு. அடுத்த மாசம் வராதேன்னு சொல்லணும்ல? அரசாங்கம் பாதுகாக்கிற அணிலுங்க இது. வளை மேல கடப்பாரை பட்டா கேஸு. பட்டறையை மறந்துடுங்க."

டெல்மர் ஜன்னல் வழியே தான் நட்ட குச்சிகளைப் பார்த்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தப் பட்டறைக் கனவில்தான் அவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. டிரக்கை அங்கே வைத்துப் பிரித்து மாட்டாமல் அப்புறம் என்ன வாழ்க்கை? பாஞ்சோவா, பட்டறையா?

"ஓப்பல்... போனை வை. அது அந்த அணில் இல்ல."

"பின்ன?"

"சாதாதான். கோட்டை அழிச்சிட்டேன்."

"தெரியும்," என்றாள் ஓப்பல். போனில் அவள் எண்ணையே அழுத்தவில்லை. "அணிலுக்குப் பின்னாடி டிரக் சக்கரத்து மூடியப் பாருங்க. தினமும் முகம் தெரியத் தேய்ச்சு வச்சிருக்கீங்களே. அதுல அணிலோட அந்தப் பக்கத்துக் கோடு அப்படியே தெரியுது. கோட்டை அழிக்கப் போயி, கோட்டை விட்டுட்டீங்க!"

"தெரிஞ்சுமா போனைத் தூக்கின?"

"உங்க வாயாலயே கேக்கணும்னு ஒரு ஆசை."

டெல்மர் பெருமூச்சோடு எழுந்தார். "சரி, பெட்டிய எடு."

"திங்கக்கிழமையே கட்டி வண்டியில வச்சாச்சு. சீக்கிரம் கிளம்புங்க, இப்ப வெர்னாவும் பாஞ்சோ கத்துக்கிட்டாளாம்."