மஞ்சள் கட்டத்துக்குள் தணிகாசலம்

டீ ஷெட்டுச் சுவரில் தன் முகத்தைப் பார்த்ததும் சூப்பர்வைசர் தணிகாசலத்துக்குப் புரையேறிவிட்டது.

கறுப்புப் பெயிண்டில் வரைந்த படம். வழுக்கை, குடமிளகாய் மூக்கு, சட்டைப்பையில் மூன்று பேனா, எல்லாம் அச்சு அசல். சுற்றிலும் மஞ்சளில் ஒரு கட்டம். போதாக்குறைக்கு இரண்டு கன்னத்திலும் ரோஸ் கலர் வேறு.

வெள்ளிக்கிழமை ஆடிட். வல்லம் வடகாலில் அந்த கார் சீட் கம்பெனி எவ்வளவு ஒழுங்காக, சுத்தமாக இருக்கிறது என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வருகிறார்கள். பாஸானால் தணிகாசலம் அசிஸ்டென்ட் மேனேஜர். குன்றத்தூரில் அவர் மனைவி சசிரேகா தெரு முழுக்க இதைச் சொல்லியாகிவிட்டது.

ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். குப்பைத்தொட்டி, ஸ்டூல், துடைப்பம் எல்லாவற்றுக்கும் தரையில் மஞ்சள் கட்டம் போட்டவர் அவர்தான். வாராவாரம் வகுப்பெடுப்பார். கூட்டிப் பெருக்கும் முனியம்மாள்கூட உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

லைனில் இருந்த பேச்சிராஜைப் பிடித்தார். சங்கரன்கோவில் பையன்.

"யாருடா வரைஞ்சது?"

"சத்தியமா நான் இல்ல சார். ஆனா அழிச்சிராதிய. டீ டைம்ல பயலுவ ஒருக்கா அங்கன போயி நின்னுட்டு வந்தாத்தான் மனசு லேசாவுது."

"நக்கலாடா?"

செவ்வாய்க்கிழமை அவரே பிரஷ் எடுத்துச் சுவர் முழுக்க வெள்ளையடித்தார். புதன் காலையில் வந்து பார்த்தால் சுவர், தூண், படிக்கட்டு, குழாயடி, எங்கு பார்த்தாலும் பாக்கு எச்சில்.

"இடுப்பு உட்டுப்போச்சு சார்" என்றாள் முனியம்மாள், ஏழாவது பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு.

"இரும்மா, வழி பண்றேன்."

பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று மூன்று படங்களை வரிசையாக மாட்டினார். சுவரில் ஒருவனும் துப்பவில்லை. ஆனால் ஒருவன் கற்பூரம் ஏற்றினான். இன்னொருவன் சுண்டல் கொண்டுவந்தான். பத்து நிமிஷ டீ டைம் அரை மணி நேரமாகி, லைன் நின்றுபோனது. எச்சில் மட்டும் இடம் மாறி, மேனேஜர் ராஜாமணியின் கார் கதவுக்குப் போயிருந்தது.

"யோவ், சுத்தம் பண்ணச் சொன்னா கும்பாபிஷேகம் பண்றியா? எல்லாத்தையும் கழட்டுய்யா!"

வியாழன் மதியம் தணிகாசலம் கன்னத்தில் போட்டுக்கொண்டு சாமி படங்களை இறக்கினார்.

வெள்ளிக்கிழமை காலையில் படம் திரும்ப வந்துவிட்டது. அதே இடம், அதே மஞ்சள் கட்டம். கன்னத்து ரோஸ் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் தூக்கல். அழிக்க நேரமில்லை, ஆடிட்டர் வனமாமலை கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். தணிகாசலம் ஓடிப்போய்ப் படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க சார், என்ன அது?"

தள்ளினார். போச்சு, பதவி போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆடிட்டர் சுவரைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், படிக்கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"பத்து வருஷமா ஆடிட் பண்றேன். பாக்குக் கறையே இல்லாத டீ ஷெட்டை இப்பத்தான் பாக்குறேன். அதுவும் லேபரே சூப்பர்வைசர் படத்தை வரைஞ்சு வச்சிருக்காங்கன்னா, உங்க மேல எவ்வளவு மரியாதை இருக்கணும்!"

நூற்றுக்கு நூறு.

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை ஒருத்தனுக்கும் பிடிக்காது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தார் மனிதர். படத்தின் அருகில் நின்று செல்போனில் போட்டோ எடுத்து சசிரேகாவுக்கு அனுப்பினார். ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார். கையில் ஜரிகை வைத்த சால்வை.

"வரைஞ்சது யாருன்னு சொல்லுங்க. பயப்படாதீங்க, சால்வை போத்தப் போறேன்."

பையன்கள் அத்தனை பேரும் தரையை ஆராய்ந்தார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முனியம்மாள் முன்னே வந்தாள்.

"நான்தான் சார்."

"நீயாம்மா? என் மேல அவ்வளவு மரியாதையா?"

"மரியாத இன்னா சார் மரியாத? சாமி படம் மாட்டுனா அங்க துப்பாம ஊரெல்லாம் துப்புறானுங்கோ. உங்க மூஞ்சிய வரைஞ்சா அத்தினி பேரும் கரீட்டா அதுமேலயே துப்புறானுங்கோ, ஒரே பக்கெட்டுல வேல முடிஞ்சுடுது. எல்லாத்துக்கும் ஒரு எடம் வேணும்னு நீங்கதான சார் கிளாஸ் எடுத்தீங்கோ?"