செல் வீங்கியபோது நான் மூடிய குழாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மனைவி மூன்று நாளாக என்னிடம் பேசாத வீட்டில் நலம் எங்கிருந்து வரும்? போனில் சொன்னால் நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

தன் ஆய்வுக்கூட உதவியாளர் லீவு என்று ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப் போனாள். கண்ணாடித் தட்டில் சிறுநீரகச் செல், அதன்மேல் உப்புக் குறைந்த தண்ணீர் ஓடும், திரையில் வரும் பருமனை நிமிடத்துக்கு ஒருமுறை நான் நோட்டில் எழுத வேண்டும், எதையும் தொடக்கூடாது, அவ்வளவுதான் வேலை. ஆய்வறிக்கைக்கான கடைசிச் சோதனை, கெட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். முதல் நிமிடம் நூறு, அடுத்தது நூற்றுப் பதினெட்டு, அதற்கடுத்தது நூற்று முப்பத்தைந்து. செல் உப்பிக்கொண்டே போகிறது, கேட்க நாதியில்லை. குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் தொட்டி வழியாமல் வால்வு மூடியவன் சும்மா பார்த்துக்கொண்டிருப்பானா? மேசையோரம் இருந்த இரண்டு குழாயில் ஒன்றை மூடி, நல்ல உப்புத் தண்ணீர் வரட்டும் என்று மற்றதைத் திறந்தேன். அலுவலகப் பழக்கத்தில் அதையும் நோட்டில் எழுதினேன். எண் இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடத்தில் நூற்று நான்கு. ஒரு உயிரைக் காப்பாற்றினேன், மாப்பிள்ளை.

திரும்பி வந்து நோட்டைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அது வீங்கட்டும்னுதாம்பா விட்டேன். உள்ளே இருக்கற உப்பை அதுவே வெளியே தள்ளும், பின்னாலேயே தண்ணியும் போயிடும், பழைய அளவுக்கு வந்துடும். இப்போ அதுவா இறங்குச்சா, நீங்க இறக்குனீங்களான்னு எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு அழுதாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. உங்கள் அத்தை வேறு, தட்டை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுகிறாள். ஒன்று உங்கள் மனைவியைச் சமாதானப்படுத்துங்கள், இல்லையென்றால் வந்து என்னை ஊரில் கொண்டுபோய் விடுங்கள்.

எந்தக் குழாயையும் தொடாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மகள் ஆய்வுக்கூடத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நோட்டில் மட்டும் படித்திருந்தவள், அது எந்தக் குழாய் என்று இன்றுதான் போய்ப் பார்த்தாளாம். நான் திருகிய குழாய்கள் போன வருடமே கழற்றிவிட்ட பழைய கருவியுடையவையாம். செல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லையாம். உப்புக் குறைந்த தண்ணீர் கடைசிவரை ஓடியிருக்கிறது, செல் தானாகவே இறங்கியிருக்கிறது. சோதனைக்குப் பழுதில்லை, நீங்கள் வர வேண்டாம். ஆனால் ஆய்வறிக்கையில் அந்த இடத்தில் 'வெளியிலிருந்து எந்த உதவியும் தரப்படவில்லை' என்று எழுதியிருக்கிறாள். அந்த வரியை மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள்.