மாப்பிள்ளையின் விளையாட்டுப் பெட்டியில் ஃபியூஸ் போன விவரம்

தொண்டாமுத்தூர்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை கிருபாசங்கர் அவர்களுக்கு அத்தை ராசாத்தாள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமாவும் மாடும் தென்னையும் சௌக்கியம். எங்கள் வீட்டில் தங்கித் தோள்பட்டைக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும் உங்கள் அம்மாவும் சௌக்கியம். கை இப்போது காது உயரம் வரை போகிறது. ஜப்பானில் நீங்களும் வர்ஷினியும் குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க மருதமலை முருகன் துணை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம், அதுவும் ஏன் ஆபீஸ் முகவரிக்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் வர்ஷினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அவள் காதுக்குப் போக வேண்டாத விஷயம். பதற வேண்டாம், மனிதர்கள் யாருக்கும் ஒன்றுமில்லை. டிவியில் மாட்டி ஆடும் உங்கள் விளையாட்டுப் பெட்டிக்குத்தான்.

போன தடவை வந்தபோது, "அத்தை, இது நான் பொறக்கறதுக்கு முந்தின பெட்டிங்க, அங்க தேடித் தேடி வாங்குனதுங்க" என்று சொல்லி அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்தீர்களே, அதேதான். அதை நான் ஏன் இறக்கினேன் என்றால், எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் உங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து பேச்சு சரியில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே. முதல் பக்கத்துப் படத்தில் நான் கண்ணைத் திறந்திருக்கிறேன், அவர் மூடியிருக்கிறார். அதை நான்தான் பொறுக்கிக் கொடுத்தேன் என்று நினைக்கிறார். போட்டோக்காரர் பொறுக்கியது என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், அவரிடம் மட்டும் சொன்னதில்லை. வைத்தியத்துக்கு வந்த முதல் வாரம் எங்கள் வீடு கோர்ட்டு மாதிரி இருந்தது. சாம்பார் போதுமா என்பதைக்கூட மாமா வழியாகத்தான் கேட்டுக்கொண்டோம். இருட்டினால் தோப்புக்குள் யானை வந்துவிடும் என்பதால் வெளியே ஒரு நடை போகவும் வழியில்லை. ஒரே ஹால், ஒரே டிவி, எதிரெதிரே இரண்டு நாற்காலி. அந்த அவஸ்தையில்தான் ஒரு சாயங்காலம் பெட்டியை இறக்கி, நீங்கள் மாட்டியதை ஞாபகம் வைத்து மாட்டினேன். ஒரு தவளையும் ஒரு முயலும் சுவர் தாண்டும் ஆட்டம் வந்தது. நான் தவளை. முயல் கைகொடுக்காமல் தவளையால் மூன்றாவது சுவரைத் தாண்ட முடியாதாம். நான் மறுபடி மறுபடி குழியில் விழுவதை உங்கள் அம்மா எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? "ஏனுங்க, அந்த இன்னொண்ண இப்படிக் குடுங்க" என்று முயலை ஆட்டும் இரண்டாவது ரிமோட்டைக் கேட்டார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அடுத்த நாளே நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய மாட்டேன் என்று அடம்பிடித்தவர், முயல் குதிக்கும்போதெல்லாம் தன்னையறியாமல் கையைத் தூக்கினார். காது உயரம் அப்படி வந்ததுதான்.

போன வாரம் பெட்டி செத்தது. ஹாலைக் கழுவுவதற்காக இருவருமாக எல்லா வயரையும் பிடுங்கி, துடைத்து, திரும்ப மாட்டினோம். பொத்தானைத் தள்ளினால் சிவப்பு விளக்கு எரியவில்லை. "ஈரக் கையில தொட்டீங்களாட்ட இருக்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நான் எதுக்குங்க ஈரக் கையில தொடறேன்?" என்றார். அதோடு நாற்காலிகள் மறுபடி எதிரெதிரே போய்விட்டன. மாமா எட்டிப் பார்த்து, "காயில் போயிருக்கும்" என்றார். நம்ம ஊரில் போர் மோட்டார் நின்றாலும் காயில், மிக்ஸி நின்றாலும் காயில், மனுஷனே படுத்துவிட்டாலும் மாமாவுக்குக் காயில்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்று கெட்டால் எதனால் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும். அதே பிளக்கில் டேபிள் ஃபேனை மாட்டினேன், ஓடியது. டிவியில் சீரியல் வந்தது. அப்படியானால் கோளாறு பெட்டியில், இல்லையென்றால் அதன் அடாப்டரில். அந்த நேரம் பார்த்து மாமா, "ஏம்புள்ள, வைஃபையும் வரலையே" என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே நாளில் இரண்டு சாமான் சாகுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அடாப்டரையும் கையில் எடுத்தேன். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே பருமன், முனைகூட ஒன்றுபோல. துடைத்து மாட்டும்போது இடம் மாறியிருக்கிறது. இரண்டின் அடியிலும் கடுகளவு ஒரு படம்: நடுவில் புள்ளி, சுற்றிலும் வளையம். வைஃபையினுடையதில் நடுப்புள்ளிக்குக் கூட்டல் குறி, உங்களுடையதில் நடுப்புள்ளிக்குக் கழித்தல் குறி. அதாவது, உங்கள் பெட்டிக்குள் கரண்டைத் தலைகீழாக விட்டிருக்கிறோம். அதனதன் அடாப்டரை மாட்டியதும் வைஃபை பிழைத்துக்கொண்டது, பெட்டி பிழைக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் நேராகப் போய், "ஈரக் கை இல்லீங்க, அடாப்டர் மாறிப்போச்சுங்க" என்றேன். "மாத்துனது யாரு?" என்றார். "தெரியலீங்க. ரெண்டு பேருந்தான மாட்டுனோம்." அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டு குறிக்கு இத்தனை கூத்தா? செரி, தொறங்க, உள்ள என்னதான் இருக்குதுன்னு பார்க்கலாம்" என்றார்.

திறப்பது லேசில்லை மாப்பிள்ளை. திருகாணித் தலை பூ மாதிரி இருக்கிறது, மாமாவின் எந்தத் திருப்புளியும் சேரவில்லை. யூடியூப்பில் ஒருவர் செய்து காட்டினார். பாஷை புரியவில்லை, கை புரிந்தது. பேனாவின் பிளாஸ்டிக் கூட்டை நெருப்பில் காட்டி, இளகியதும் திருகாணித் தலையில் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினால் கழன்று வருகிறது! உள்ளே பச்சைப் பலகையில் ஒரு ஊரே இருக்கிறது. கரண்டு நுழைகிற வாசலுக்குப் பக்கத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு ஃபியூஸ். மாமா மோட்டாருக்குக் கரண்டு பார்க்கும் மீட்டரை அதன் இரண்டு முனையிலும் வைத்தோம். நல்லதாக இருந்தால் கீச்சென்று கத்த வேண்டும். சத்தமே இல்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, காயில் போகவில்லை! மாமா உடனே செம்புக் கம்பி ஒன்றை உரித்துக்கொண்டு வந்து, "இதச் சுத்தியுட்டாப் போதும், நம்ம மெயின் போர்டுல அப்படித்தான போட்டிருக்கறேன்" என்றார். உங்கள் அம்மா பெட்டிக்கு முன்னால் கையை நீட்டி மறித்துக்கொண்டார். "ஏனுங்ண்ணா, இது உங்க மோட்டார் ரூம் இல்லீங்க. அந்தக் கம்பி எரியாதுங்க, எங்க முயல்தான் எரியும்."

எங்க முயல் என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் வைத்தியம் முடிந்ததும் காந்திபுரத்தில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ரிஃபத் பழைய ஃபியூஸை லென்ஸில் பார்த்து அதே அளவில் எடுத்துக் கொடுத்துவிட்டு, "எதுக்குங்கம்மா இது?" என்று கேட்டார். உங்கள் அம்மா, "முயலுக்குங்க" என்றார். அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு உங்கள் அம்மாவைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் புது ஃபியூஸை உங்கள் அம்மா புருவம் பிடுங்கும் இடுக்கியில் பிடித்தார், நான் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயனைப் பிடித்தேன். "மெதுவாங்க, மெதுவா... அவ்வளவுதான், எடுத்துருங்க" என்றார். மீட்டரை வைத்தோம், கீச்சென்றது. அடாப்டரின் குறியை அவர் ஒரு தடவை பார்த்தார், நான் ஒரு தடவை பார்த்தேன், மாட்டினோம். சிவப்பு விளக்கு எரிந்ததும் உங்கள் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். தூக்கிய பிறகுதான் வலித்ததாம்.

வருகிற வெள்ளிக்கிழமை அவரைப் பவானியில் உங்கள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தோம். "டாக்டர் இன்னும் பத்து நாள் இருக்கச் சொல்லிப்போட்டாருங்க" என்று உங்கள் அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

ஒன்றே ஒன்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். உலகமெல்லாம் கூட்டலை நடுவில் வைக்க, உங்கள் பெட்டியைச் செய்தவர்கள் மட்டும் ஏன் கழித்தலை நடுவில் வைத்தார்கள்? அங்கே கேட்டால் யாருக்காவது தெரிந்திருக்கும். சோறு வடிக்கும்போதெல்லாம் அதே யோசனையாக இருக்கிறது.

உங்கள் இருவருக்கும் மாமாவின் விசாரிப்புகளும், தீர்க்காயுசுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
அத்தை ராசாத்தாள்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் அம்மா இதை வாங்கிப் படித்துவிட்டார். அடாப்டரை மாற்றியது யார் என்று தெரியவில்லை என்பது பொய்யாம். பெட்டிப் பக்கம் உட்கார்ந்து மாட்டியது நான்தானாம். அப்படியானால் வைஃபை பக்கம் உட்கார்ந்தது யாருங்க என்று கேட்டேன். பேச்சு நின்றுவிட்டது. ஆகவே மேலே எழுதிய சமாதானம் முழுவதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். இப்போது மாமாவிடம், "தவளையச் சீக்கிரம் வரச் சொல்லுங்ண்ணா, முயல் எந்நேரம் நிக்கறது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் போய்விட்டு வந்து இதை ஒட்டுகிறேன்.